மொசார்ட்டின் கடைசி சிம்ஃபொனிகளுக்கு ஒரு ரெக்கார்டிங்

அன்புள்ள ரகு,

மொசார்ட்டின் கடைசி சிம்ஃபொனிகளுக்கு ஒரே ஒரு ரெக்கார்டிங் வாங்குவதென்றால் எது என்று கேட்டிருந்தாய். யோசிக்காமல் சொல்வேன்: ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, கண்டக்டர் சார்லஸ் மக்கெராஸ். 2007 ஆகஸ்டில் கிளாஸ்கோ சிட்டி ஹால்ஸில் பதிவானது; லின் நிறுவனம் 2008-ல் இரண்டு தட்டாக வெளியிட்டது. 38 முதல் 41 வரை நான்கும் இருக்கின்றன. பதிவின்போது மக்கெராஸுக்கு 81 வயது. வேகத்தைக் கேட்டால் நம்பமாட்டாய்.

வயலின் வகையறா எல்லாம் இன்றைய வாத்தியங்கள்தான். ஹார்னும் டிரம்பெட்டும் மட்டும் வால்வு (எல்லா ஸ்வரமும் வரவைக்கும் விசை) இல்லாத பழைய வகை. இது ஏன் முக்கியம் என்பதற்கு 40-வது சிம்ஃபொனியே போதும். அது ஜி மைனர், அதாவது ஜி என்ற ஸ்வரம்தான் அதற்கு ஷட்ஜமம். சாதாரண காந்தாரம் இல்லாமல் அதற்கு உயிர் இல்லை. ஆனால் ஜி-யில் சுருதி வைத்த ஹார்னில் தானாக வருவது அதைவிட அரைப் படி மேலே உள்ள அந்தர காந்தாரம். கையை உள்ளே விட்டு அடைத்து இறக்கலாம், ஒலி மங்கிப்போகும். அதனால் மொசார்ட் இரண்டு ஹார்னையும் ஒரே சுருதியில் வைக்கவில்லை. முதலாவதற்கு பி-ஃபிளாட், இரண்டாவதற்கு ஜி. முதலாவதன் ஷட்ஜமமே ஜி மைனருக்கு வேண்டிய அந்தக் காந்தாரம்தான்! ஒருவரிடம் இல்லாத ஸ்வரத்தை மற்றவர் தருகிறார். வால்வு ஹார்னில் எல்லா ஸ்வரமும் ஒரே வழவழப்பாக வந்துவிடுவதால் இந்தப் பங்கீடு காதில் விழுவதே இல்லை.

ஆர்க்கெஸ்ட்ரா சிறியது, 40 பேர் அளவு. வயலின்கள் குறைவாக இருப்பதால் பஸூன், ஓபோ என்ற குழல் வாத்தியங்கள் அடியில் புதைந்துபோவதில்லை. முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். 41-ன் கடைசிப் பகுதியில் ச ரி ம க என்ற நான்கு ஸ்வரம்தான் விதை. 36-வது பாரில் (தாளக் கட்டத்தில்) அதை இரண்டாம் வயலின்கள் எடுக்க, முதல் வயலின்கள் தொடரும். வலமிருந்து இடம் தாவுவது தெளிவாகக் கேட்க வேண்டும். தலைகீழாகக் கேட்டால் ஸ்பீக்கர் ஒயர் மாறியிருக்கிறது, பார்த்துக்கொள்.

'திரும்ப வாசி' என்று மொசார்ட் குறித்த இடமெல்லாம் திரும்ப வாசிக்கிறார்கள். பலர் பின்பாதியை ஒரு தடவையோடு விட்டுவிடுவார்கள். இங்கே 41-ன் கடைசிப் பகுதியில் 356 பாரும் இரண்டு இரண்டு முறை வந்த பிறகுதான் கோடா என்ற முடிப்பு; அதற்குள் அந்தப் பகுதியின் ஐந்து மெட்டும் காதில் பதிந்துவிடும். கோடாவில் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது தனித்தனியாகப் பிடிக்க முடிவது அதனால்தான்.

தட்டு ஹைப்ரிட் எஸ்ஏசிடி, அதாவது சாதாரண சிடி அடுக்கும் உயர்தர ஒலி அடுக்கும் சேர்ந்தது. சாதாரண சிடி பிளேயரிலும் ஓடும். சரவுண்ட் ஒலிக்கு மட்டும் அதற்கான பிளேயர் வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவ் சிடி அடுக்கைத்தான் படிக்கும்.

முதலில் 39-ஐப் போடு. அதில் ஓபோவே கிடையாது, கிளாரினெட்தான். மினுவெட் என்ற நடனப் பகுதியின் நடுவில் வரும் ட்ரையோவில் முதல் கிளாரினெட் மெட்டைப் பாடும். இரண்டாவது கீழ் ஸ்தாயியில் குமிழிவிட்டுக்கொண்டே இருக்கும். வரி முடியும் இடத்தில் புல்லாங்குழல் எதிரொலிக்கும். அந்த இரண்டாவது கிளாரினெட்டை விடாமல் பிடித்துக்கொள். மினுவெட்டின் வேகம் மட்டும் எனக்கே கொஞ்சம் ஓட்டமாகப் படுகிறது. உனக்கு எப்படி என்று எழுது.

உன்,
சேகர்