கேமுக்குக் கதை எழுதுகிறவருக்குக் காசு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் துறை வேலைவாய்ப்புகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புரோகிராமர், அனிமேட்டர், டெஸ்டர் என்று எல்லாரையும் சொல்லிவிட்டு, ஏற்கெனவே இருக்கும் ஒரு கேமுக்குள் புதிதாக ஒரு கதையையோ போர்க்களத்தையோ துப்பறியும் வழக்கையோ பொழுதுபோக்காக உருவாக்குகிறவர்களை, அதாவது சீனாரியோ எழுதுகிறவர்களை, ‘ஆர்வலர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நானும் அந்த ரகம்தான் என்பதால் எழுதத் தோன்றியது. இதில் காசு உண்டு. சிலருக்குப் பெரிய காசு, பலருக்குச் சில்லறை, இன்னும் நிறையப் பேர் ராத்தூக்கம் கெட்டு உழைத்தும் ஒன்றும் பார்த்ததில்லை. இந்த மூன்று கூட்டத்தையும் பிரிப்பது பெரும்பாலும் யாரும் படிக்காமலே ‘சம்மதம்’ அழுத்திவிடும் அந்த உரிம ஒப்பந்தம்தான் என்பது என் கருத்து.

டோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்கிராஃப்ட் 3 என்ற போர் கேமோடு கொடுத்த எடிட்டரை, அதாவது புதுப் போர்க்களம் அமைக்கும் கருவியை வைத்து ரசிகர்கள் செய்த மேப் (ஆடுகளம்) அது. அதை வளர்த்து வந்தவர்களில் ஒருவரை வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது, 2013-ல் டோட்டா 2 முறைப்படி வெளியானது, அது பெரிய காசு பார்த்தது. மூல கேமை வைத்திருந்த பிளிஸார்ட் 2020-ல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது, இந்த எடிட்டரில் யார் எதைச் செய்தாலும் அது எங்களுக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவைத்துவிட்டது. சூடு கண்ட பூனை. அந்த விதியின் கீழ் ராப்பகலாக மேப் செய்கிறவர் அதை விற்று முன்னேறலாம் என்று கனவு கண்டால், அந்தக் கனவும் பிளிஸார்டுக்கே சொந்தம்!

ஸ்கைரிம் கேமில் வேறு கூத்து. 2015 ஏப்ரலில், கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் அதன் மோட்களை, அதாவது ரசிகர்கள் கேமுக்குள் செய்த மாற்றங்களையும் சேர்ப்புகளையும், விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தார்கள், செய்தவருக்கு 25 சதவீதம். ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். 25 என்பது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குக் கத்தியவர்களில் பாதிப் பேர் பங்கு குறைவு என்று கத்தவில்லை, இத்தனை நாள் சும்மா கிடைத்ததற்கு எதற்குக் காசு என்றுதான் கத்தினார்கள். அந்த மனநிலை இன்னும் போகவில்லை.

அதே ஸ்கைரிமிலிருந்துதான் நல்ல உதாரணமும் வருகிறது. நிக் பியர்ஸ் என்ற ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஓய்வு நேரத்தில் ‘தி ஃபார்கட்டன் சிட்டி’ என்று ஒரு மோட் செய்து 2015-ல் இலவசமாக வெளியிட்டார். ஒருவர் தவறு செய்தால் ஊரே சாகும் என்ற சட்டம் உள்ள ஒரு நிலத்தடி நகரம், காலச்சுழலில் மாட்டிக்கொண்டு அங்கே நடப்பதைத் துப்பறிய வேண்டும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது அதற்குக் கிடைத்தது, ஒரு மோடுக்கு! அவர் வேலையை விட்டுவிட்டு, கதையை ஸ்கைரிமிலிருந்து பிரித்தெடுத்து, பண்டைய ரோமானிய நகரமாக மாற்றி 2021-ல் தனி கேமாகவே விற்றார். ஸ்கைரிமின் ஊர், ஆட்கள், ஆயுதங்கள் எல்லாம் அதை உருவாக்கிய பெத்தெஸ்டா நிறுவனத்துடையவை, அவற்றைக் கொண்டுபோக முடியாது. கதையின் முடிச்சு அவருடையது, அதைக் கொண்டுபோக முடிந்தது. புதிதாக எழுதுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அடுத்தவர் கேமில் இலவசமாகக் காட்டுங்கள், தப்பில்லை, ஆனால் முடிச்சு அந்த உலகத்தை நம்பி இருக்கக்கூடாது.

கணினி கேமை விட மேசையில் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுகளில் தனியாள் ஒருவர் சம்பாதிக்க வழி அதிகம். ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் அதன் பாத்திரங்களாக ஆடுவார்கள். அந்த ரகத்தில் பெரிய பெயரான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு எழுதுகிறவர்கள் 2016-லிருந்து டிஎம்ஸ் கில்ட் தளத்தில் பிடிஎஃப் ஆக விற்கலாம். அதிகாரபூர்வ உலகத்தையும் அதன் பாத்திரங்களையும் பயன்படுத்த அனுமதி உண்டு, எழுதியவருக்கு விலையில் பாதி. ஆனால் அங்கே போட்டதை வேறு எங்கும் விற்க முடியாது. இன்னொரு வழி, 2023 ஜனவரியில் உரிம விதிகள் பற்றி ரசிகர்களோடு நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு, பதிப்பாளர்கள் விளையாட்டின் அடிப்படை விதிகளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அந்த விதிகளை வைத்து சொந்த உலகத்தில் எழுதினால் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். தனியாட்கள் தங்கள் கேம்களை விற்கும் இட்ச்.ஐஓ-வில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம், பூஜ்யம் என்று கூட வைக்கலாம். ஆனால் பெரிய பெயரின் நிழலில் வருகிற கூட்டம் அங்கே தானாக வராது.

கணக்கைப் பாருங்கள். 4 டாலர் விலை, பாதிப் பங்கு, 100 பிரதி விற்றால் 200 டாலர் கையில். அட்டைப்படம் வரைந்தவருக்கு 150 கொடுத்திருந்தால் மிச்சம் 50. இதைச் சம்பளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது சீனாரியோ வரும்போதுதான் முதலாவதைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள், அதனால் ஒரே உலகத்தில் தொடர்ச்சியாகச் சின்னச் சின்னதாக எழுதுகிறவர்கள் பிழைக்கிறார்கள், முதல் முயற்சியிலேயே 200 பக்க மகாகாவியம் எழுதுகிறவர்கள் களைத்துப்போகிறார்கள்.

அப்புறம், இதை வாங்குவது ஆட்டக்காரர் இல்லை, ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர். அவருக்கு இன்று ராத்திரி ஆட்டம், கையில் அரை மணி நேரம்தான். கிணற்றுத் தண்ணீரில் விஷம் கலந்தவர் யார் என்பது கதை என்று வையுங்கள். முதல் பக்கத்திலேயே ‘கலந்தது வைத்தியர், காரணம் இது’ என்று எழுதிவிட வேண்டும். ஏழாம் பக்கம் வரை சஸ்பென்ஸ் வைத்தால் நடத்துகிறவர் பைத்தியம் பிடித்து அலைவார். துப்பு பூட்டிய அலமாரிக்குள் மட்டும் இருந்து, ஆடுகிறவர்களால் பூட்டைத் திறக்க முடியாமல் போனால், கதை அங்கேயே நின்றுவிடும். அதனால் அலமாரியில் ஒன்று, வைத்தியரின் வேலைக்காரி வாயில் ஒன்று, கிணற்றடியில் உடைந்து கிடக்கும் குப்பியில் ஒன்று என்று பரப்பி வைக்க வேண்டும். அச்சிட மை தின்னாத கறுப்பு வெள்ளை மேப் தனியாக ஒன்று கொடுத்தால் வாழ்த்துவார்கள். அழகான வர்ணனையை விட இதற்குத்தான் திரும்ப வந்து காசு கொடுக்கிறார்கள்.

பயனர்களே கேம் உருவாக்கி ஆடும் ரோப்லாக்ஸ் தளத்தில் பிள்ளைகள் கூடச் சம்பாதிக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆடுகிறவர் அதன் நாணயமான ஒரு ரோபக்ஸ் வாங்க ஏறக்குறைய ஒரு சென்ட் கொடுக்கிறார், உருவாக்கியவர் அதையே பணமாக மாற்றும்போது அதை விட மிகக் குறைவாகத்தான் வரும், குறைந்தது 30,000 ரோபக்ஸ் சம்பாதித்த பிறகுதான் மாற்றவே முடியும்.

கோடிங் தெரியாதவர்களுக்கு ட்வைன், இங்க் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, வாசகர் தேர்ந்தெடுக்கும் கதைகளை அவற்றில் எழுதலாம். ஹோஸ்டட் கேம்ஸ் என்ற பதிப்பகம் அதன் சொந்தக் கருவியான சாய்ஸ்ஸ்கிரிப்டில் எழுதியதை எடுத்துக்கொண்டு 25 சதவீத ராயல்டி தருகிறது. காசு கொடுத்து ஆட வருகிறவர்களுக்கு இணையத்தில் ஆட்டம் நடத்தித் தருவது இன்னொரு வழி. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம், எழுதிய சீனாரியோவை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆகும். எனக்குத் தெரிந்து நிலையாகப் பணம் வருவது இதில்தான்.

மற்ற பதிப்பாளர்களுக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதும் உண்டு. அதில் ஒரு பேர்வழி என்னிடம் ‘சாம்பிளுக்கு’ என்று முழு சீனாரியோவையே கேட்டார். பழைய படைப்பு இருக்கிறது, அதைப் பாருங்கள், புதிதாக வேண்டுமென்றால் முன்பணம் என்றேன். அதோடு ஆளைக் காணோம். சரி, போகட்டும்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டில் இருக்கிறவர் அமெரிக்கத் தளத்தில் விற்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்பார்கள். அதைச் சரியாக நிரப்பாவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் வரை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு நாடுகளுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையும், ஆனால் படிவத்தில் அதற்கான கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். முதல் பிரதி விற்பதற்கு முன்பே அதை முடித்து வைத்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவர்