கூர்ந்துதான் பார்த்தேன், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கண்மயக்கம் பற்றிய கட்டுரையோடு சதுரங்கக் கட்டப் படம் ஒன்று போட்டிருந்தீர்கள். நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், உருளையின் நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கட்டம். இரண்டும் ஒரே சாம்பல். 1995-ல் எட்வர்ட் ஏடெல்சன் உருவாக்கிய படம் என்பதும் சரி. அதற்குக் கீழே ஒரு வரி: ‘கூர்ந்து கவனிப்பவர்கள் இதில் ஏமாற மாட்டார்கள்.’

ஐயா, வரைந்தவரே கூர்ந்து பார்த்தாலும் அவை வேறு வேறாகத்தான் தெரியும். நிழலில் பொருள் மங்கும் என்று மூளை நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டு, ‘இது வெள்ளைதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறது. மர நிழலில் காயும் வேட்டியைவிட வெயிலில் விரித்த கறுப்புக் குடையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம் அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் நமக்கு வேட்டி வெள்ளை, குடை கறுப்பு. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் துவைத்த துணியையே அடையாளம் தெரியாது.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 31 வருடம் புடவை விரித்துப் போட்டவன் நான். ஒருமுறை அரக்குப் புடவை மேல் விரித்துக் காட்டிய சந்தனக் கலர் பளிச்சென்று இருந்தது. வாங்கிப்போன அம்மா மறுநாளே வந்து, “புடவைய மாத்திட்டீங்களேண்ணே” என்றார். வீட்டில் வெள்ளைப் போர்வை மேல் விரித்திருக்கிறார், அழுக்காகத் தெரிந்திருக்கிறது. முதலாளி எல்லோர் முன்னாலும், “கலரைக் கண்ணத் தொறந்து பாத்துக் குடுக்க மாட்டியா?” என்றார். நான் பேசாமல் அதே அரக்குப் புடவையை எடுத்து அடியில் விரித்தேன். “ஆமா, இதுதான்” என்றார் அந்த அம்மா. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

பாரிஸ் கோப்லன் நெசவாலையிலும் இதே கதைதான். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார். சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் ஆராய்ந்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும் செய்த வேலை. 1839-ல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அங்கே நெய்தவர்களும் கூர்ந்து பார்க்கத் தெரியாதவர்கள் போலிருக்கிறது!

இரண்டு வருடம் முன்பு, அடிவானத்து நிலாவைக் காற்று மண்டலம் பெரிதாக்குகிறது என்று எழுதினீர்கள். கையை நீட்டி என் பிரஷர் மாத்திரையால் மறைத்துப் பார்த்தேன். உதிக்கும்போதும் உச்சியிலும் அதே மாத்திரை போதுமானதாக இருந்தது. அதைக் கார்டில் எழுதிப் போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. அந்த இடத்தில் ராசிபலன் நீளமாக வந்தது. போகட்டும்.

இப்போதைய படத்தையும் சும்மா விடவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் இரண்டு துளை போட்டு, அந்த இரண்டு கட்டங்கள் மட்டும் தெரியும்படி வைத்தேன். உங்கள் அச்சில் அவை உண்மையிலேயே வேறு வேறு நிறம்! கறுப்பு மை ஒரு பக்கம் ஈஷியிருக்கிறது. அதாவது ‘ஏமாந்த’ வாசகர்கள் அத்தனை பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அச்சான பக்கத்தைக் கூர்ந்து கவனிக்கவில்லை போலும்.

கேட்பது ஒன்றுதான்: அடுத்த இதழில் அதே படத்தை வழவழப்புத் தாளில், மை ஈஷாமல், மறுபடி போடுங்கள். துளையிட்ட பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம், அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடைப் பணியாளர்,
மதுரை.