தொன்னேர் ஆஸ்பத்திரிக் கோவிலைப் பற்றி ஜெசிக்கு

அன்புள்ள ஜெசி,

உன் மெயில் பார்த்தேன். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே, வலித்தாலும் செய். இங்கே எல்லோரும் நலம். பேரன் பள்ளிக்கூடம் போகிறான், எங்களிடம் தமிழிலும் சிநேகிதர்களிடம் பிரெஞ்சிலும் பேசுகிறான், கோபம் வந்தால் மட்டும் தமிழ்தான் வருகிறது, அதில் எனக்கு ஒரு சந்தோஷம். டிஜோனில் குளிர் ஆரம்பித்துவிட்டது.

சரி, தொன்னேர் போய்வந்ததைப் பற்றி விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஆனால் அந்த இடம் போட்டோவில் அடங்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் நீ, அதனால் இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது.

தொன்னேர், பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே 1293இல் மார்கரீத் என்ற ராணி ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாள். பர்கண்டி பிரபு வம்சத்துப் பெண், சிசிலிக்கும் நேப்பிள்ஸுக்கும் அரசனாக இருந்த ஆஞ்சு சார்லஸின் இரண்டாவது மனைவி. அந்த சார்லஸ் நம் புனித லூயி ராஜாவின் தம்பி. 1285இல் கணவன் இறந்த பிறகு அவள் தன் சொந்தச் சீமையான தொன்னேருக்கு வந்து, கையில் இருந்த பணத்தைப் போட்டு இதைக் கட்டினாள். இரண்டு மூன்று வருடத்தில் கட்டிடம் எழும்பிவிட்டது. கன்னியர்களும் துறவற சகோதரர்களுமாக இருபது பேர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். குணமானவரை உடனே வெளியே அனுப்பக்கூடாது, ஏழு நாள் வைத்துச் சாப்பாடு போட்டு, பிறகு சட்டை, அங்கி, காலணி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அவள் சாசனத்தில் எழுதிவைத்திருக்கிறாள். ஜெசி, டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே திரும்பி வந்து வாசலில் நின்ற கிழவர்களைப் பற்றி நீ எத்தனை தடவை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாய்! எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி அதை யோசித்திருக்கிறாள்.

இப்போது கட்டிடம். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மாபெரும் கூரை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. கூடம் ஏறக்குறைய 90 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மேலே முழுக்க ஓக் மரம், தோணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்து போகிற பலகை விதானம், அதைக் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும் நீண்ட உத்திரங்கள். பாலிடெக்னிக்கில் இத்தனை காலம் கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டங்களை வரையக் கற்றுக்கொடுத்தவள் நான், அந்த அகலத்தை மரத்தால் தாண்டியிருப்பதைப் பார்த்து நிமிர்ந்த கழுத்தை இறக்க மனம் வரவில்லை. கல் வளைவு போட்டிருந்தால் சுவர் தடித்திருக்கும், தூண் வந்திருக்கும், ஜன்னல் குறுகியிருக்கும். மரம் என்பதால் எடை குறைவு, கூடம் திறந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் வருகிறது.

கூடத்தின் கிழக்குக் கோடியில்தான் கோவில். இதைத்தான் நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு கட்டிடம், கோவில் வேறு கட்டிடம் என்று இல்லை. வார்டு போய்ப் போய் முடிகிற இடத்தில் மரக்கூரை நின்று கல் வளைவு தொடங்குகிறது, பல பட்டை கொண்ட பீடப்பகுதி, அதைச் சுற்றி நெடிய ஜன்னல்கள், இரண்டு பக்கத்திலும் சின்னச் சின்னத் துணை ஆலயங்கள். நோயாளி எழுந்து கோவிலுக்குப் போக வேண்டியதில்லை, பூசை அவனிடம் வருகிறது. மரக்கூரைக்குக் கீழே நோயாளி, கல் வளைவுக்குக் கீழே நற்கருணை, காற்று மட்டும் இரண்டுக்கும் பொது. அந்தக் காலத்தில் வைத்தியத்தால் முடிந்தது கொஞ்சம்தான், பாதி நோய்க்கு மருந்தே கிடையாது, அதனால் அந்தப் பீடமும் சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது. உனக்கும் எனக்கும் விசுவாசம் இருப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. படுத்திருப்பவனுக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். எனக்குப் பித்தப்பை எடுத்தபோது கண் எதிரே இருந்ததெல்லாம் டியூப் லைட்டும் வெள்ளைச் சதுரப் பலகைகளும்தான், நாள் முழுக்க அதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான்.

அப்புறம் படுக்கைகள். இது உன் துறை, கவனமாகக் கேள். இரண்டு சுவரையும் ஒட்டி 40 மரத் தடுப்பறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில். தடுப்புக்கு மேலே மூடி கிடையாது, காற்று நேராக அந்த உயரமான விதானத்துக்குப் போய்விடும். தடுப்பறைகளுக்கு மேலே சுவர் நெடுக ஒரு மரநடை ஓடியது. அதில் நடந்துபோய் ஜன்னல்களைத் திறக்கலாம், மூடலாம், கீழே எட்டிப் பார்த்து யார் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம், யாரையும் எழுப்ப வேண்டாம். ராணியின் வீடு பக்கத்திலேயே, அங்கிருந்தும் இந்த நடைக்கு வர வழி வைத்திருந்தாள். இன்றைக்கு அந்தத் தடுப்புகள் ஒன்றும் மிச்சமில்லை, கூடம் காலியாகக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வியோலெ-லெ-துக் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்து வைத்த படங்களால்தான் அது எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரிகிறது. தன் காலத்துப் பொது வார்டுகளைவிட இது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, நோயாளிக்குத் தன் இடம் என்று ஒன்று கிடைக்கிறது என்பதால். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அறையில் அடைத்துத் தனிமையில் தள்ளவும் இல்லை, எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுவைக்கவும் இல்லை. ஸ்க்ரீனை இழுத்து இழுத்து வளையம் அறுந்துபோனதைப் பற்றி நீ எவ்வளவு சண்டை போட்டிருப்பாய். ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும்: மேலே யாரோ நடக்கிற சத்தம் ராத்திரியில் நோயாளிக்குத் தைரியமாக இருக்குமா, தொந்தரவாக இருக்குமா? மரப்பலகை கட்டாயம் சத்தம் போடும். நைட் டியூட்டி பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

சிற்பத்துக்கு வருகிறேன். பக்கத்து ஆலயம் ஒன்றில், வெளிச்சம் குறைந்த இடத்தில், ஆண்டவரைக் கல்லறையில் வைக்கிற காட்சி. 1454இல் முடிந்த வேலை, செய்தவர்கள் ஜான் மிஷேல், ஜார்ஜ் த லா சொனெத் என்ற இரண்டு பேர், பணம் கொடுத்தவர் அந்த ஊர் வியாபாரி ஒருவர். ஆள் உயர உருவங்கள், எல்லாம் கல். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அரிமத்தியா சூசையும் நிக்கதேமுவும் துணியின் இரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். பின்னால் மாதா, அவளைத் தாங்கியபடி அருளப்பர், பக்கத்தில் மரியாள்கள். பெரிய வெள்ளிக்கிழமை ஆசந்தியில் பாடுபட்ட சுரூபத்தைக் கிடத்தும்போது நம் ஊரில் எழுகிற அழுகை இங்கே இல்லை. ஒருவரும் கையை உயர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை. கனத்த துணி மடிப்பு மடிப்பாக இறங்குகிறது, முக்காடு நெற்றியை மறைக்கிறது, துக்கம் முழுவதும் அந்தத் துணியின் பாரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கனத்த துணி பர்கண்டிச் சிற்பிகளுக்குக் கிளாஸ் ஸ்லூட்டர் என்ற சிற்பியிடமிருந்து வந்தது. டிஜோனில் அவர் செய்த மோயீசன் கிணறு என்ற சிற்பத்தின் ஆறு தீர்க்கதரிசிகளையும் நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன், அது நிற்கிற பழைய மடத்து வளாகமும் இன்றைக்கு ஒரு மனநல ஆஸ்பத்திரிதான்.

அந்த உருவங்களுக்கு முன்னால் நிற்கும்போது நான் மனதில் கண்டது வேறு. உடலைத் துணியில் எடுத்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, மெதுவாக இறக்குவது. அந்த ஆஸ்பத்திரியில் சகோதரர்கள் தினம் தினம் செய்த வேலை அது. நீயும் செய்திருக்கிறாய். வார்டில் ஒருவர் இறந்தால் அவரைத் தூக்குகிறவர்களின் கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது நிக்கதேமுவின் கை. யாருக்காக இதை இங்கே வைத்தார்களோ அவர்கள் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது கல்லறைக் காட்சி மட்டும் அல்ல, அவர்களுடைய வேலையும்தான்.

மார்கரீத் 1308இல் இறந்தாள், அவளை அடக்கம் செய்ததும் இங்கேதான். அவளுடைய பழைய கல்லறை பிரெஞ்சுப் புரட்சியில் அழிந்துபோய், இப்போது இருப்பது 19ஆம் நூற்றாண்டில் செய்தது. பதினான்காம் லூயியின் போர் மந்திரி லுவுவாவின் கல்லறையையும் பாரிசிலிருந்து கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள், அவர் இந்தச் சீமையை விலைக்கு வாங்கியவர் என்பதால். வெண்கலமும் பளிங்குமாக நல்ல வேலைப்பாடுதான், ஆனால் அந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். கூடத்தின் தரையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெனடிக்ட் சபைத் துறவி ஒருவர் போட்ட நண்பகல் கோடு இருக்கிறது, சுவர் ஓட்டை வழியாக வரும் சூரிய ஒளி நண்பகலில் அதில் விழும். அதற்குள் நோயாளிகள் வேறு கட்டிடத்துக்கு மாறிவிட்டார்கள்.

போன் (Beaune) என்ற பர்கண்டி ஊரின் ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொல்லாமல் முடிக்க முடியாது, இரண்டையும் பார்த்தால்தான் விஷயம் முழுமையாகும். 1443இல் பர்கண்டிப் பிரபுவின் மந்திரி நிக்கோலா ரோலாங்கும் அவர் மனைவி கீகோனும் தொடங்கியது, 1452 ஜனவரி 1இல் முதல் நோயாளி வந்தார், 1971 வரை அங்கே வைத்தியம் நடந்திருக்கிறது. அங்கேயும் அதே அமைப்புதான், 50 மீட்டர் நீளக் கூடம், வரிசையாகக் கட்டில்கள், கோடியில் மரத்தடுப்புக்கு அப்பால் கோவில். உத்திரங்களின் நுனியை வாயில் கவ்வியபடி வண்ணம் தீட்டிய பூதமிருகங்கள், நடுவே செதுக்கிய மனிதத் தலைகள், படுத்துக்கொண்டே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அங்கே முக்கியமானது பீடத்தில் இருந்த ஓவியம், ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் ஆண்டவர் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிற காட்சி. இப்போது தனி அறையில் வைத்திருக்கிறார்கள். விரித்தால் வானவில்லில் அமர்ந்த ஆண்டவர், கீழே மிக்கேல் சம்மனசு தராசில் ஆத்துமங்களை நிறுக்கிறார், ஒரு பக்கம் மோட்சம், ஒரு பக்கம் நரகம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு இதையா காட்டுவது என்று முதலில் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அதை விரித்தது ஞாயிறும் திருநாளும் மட்டும். மற்ற நாளெல்லாம் மூடியே இருக்கும், மூடினால் தெரிவது செபஸ்தியாரும் வனத்து அந்தோணியாரும், கற்சிலை என்றே நம்பும்படி சாம்பல் நிறத்தில் வரைந்தது, இரண்டு பக்கமும் ரோலாங்கும் கீகோனும் முழங்காலில். செபஸ்தியார் கொள்ளைநோய்க்கு, அந்தோணியார் தன் பேரால் அந்தோணியார் நெருப்பு என்று அவர்கள் சொன்ன நோய்க்கு, பூஞ்சை பிடித்த ரை தானியத்து ரொட்டியைத் தின்று கைகால் கருகி எரிகிற நோய் அது. ஆக வாரத்தில் ஆறு நாளும் நோயாளியின் கண்ணுக்கு முன்னால் நின்றது அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்தான், தீர்வை ஒரு நாள் மட்டும். இந்த அளவு தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிவிட்டது.

நீ வருகிற வருடம் மகளிடம் பாரிசுக்கு வரும்போது கண்டிப்பாக இங்கே வா. பாரிஸ் பெர்சி ஸ்டேஷனிலிருந்து டிஜோன் வருகிற வட்டார ரயில் தொன்னேரில் நிற்கும், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். போவதற்கு முன் கூடம் திறந்திருக்கிறதா என்று நான் போனில் கேட்டு வைக்கிறேன். ஊருக்குள் ஃபோஸ் தியோன் என்று ஓர் ஊற்று இருக்கிறது, பச்சையும் நீலமுமான தண்ணீர், சுற்றிப் பழைய துணி துவைக்கும் துறை, அதையும் பார்த்துவிட்டு மாலை ரயிலில் டிஜோன் வந்துவிடலாம். எந்த மாதம் என்று மட்டும் முன்கூட்டியே எழுது, மகன் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
ரோஸ்லின்