பெட்டி காலியான பிறகு வந்த 31 பேர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் ஓட்டப் போட்டி நடத்தும் அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வயது 53. அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். கடந்த ஜனவரியில் நீங்கள் நடத்திய 10 கிலோமீட்டர் ஓட்டத்தை 1 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். உங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களை ஊரறியக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. இதே முடிவை எடுக்க நினைக்கும் மற்ற குழுக்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு முதல் 10 கிலோமீட்டரை 80 நிமிடத்துக்குள் முடிப்பவர்களுக்கு மட்டும் பதக்கம். மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் சான்றிதழ். "எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்துப் பதக்கத்தின் மதிப்பே போய்விட்டது" என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். மதிப்புப் போனது உண்மைதான். போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆனால் அதைப் போக்கியவர்கள் மெதுவாக வந்தவர்கள் அல்லர்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் மாலையே கடலூரிலிருந்து பஸ் ஏறி, முதலியார்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கினேன். விடியற்காலை 5.45-க்கு ஓட்டம் தொடங்கியது. 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரக்கூடாது என்பதால், நம் ஓட்டத்துக்கும் 7.30 தான் எல்லை. அதாவது 1 மணி 45 நிமிடம். அந்த எல்லைக்குள் முடித்துவிட முடியும் என்று எட்டு மாதமாகப் பழகிவிட்டுத்தான் வந்தேன். தினமும் கெடிலத்து அண்ணா பாலத்தைக் கடந்து மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். சர்க்கரைக்காக மருத்துவர் நடக்கச் சொன்னார். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஏழாவது கிலோமீட்டரில் பாகூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா என்னோடு சேர்ந்துகொண்டார். அறுபதை நெருங்கியிருப்பார். இரண்டு மின்கம்பம் ஓட்டம், ஒரு மின்கம்பம் நடை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். அதற்குள் வெயில் கடலுக்கு மேலே ஏறிவிட்டது. தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் கேன்கள் காலியாக இருந்தன. அடுத்ததில் மேசையையே மடித்துக்கொண்டிருந்தார்கள். காந்தி சிலையைத் தாண்டும்போது முன்னே ஓடி முடித்தவர்கள் பதக்கத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் எங்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

முடிவுக் கோட்டில் கல்லூரி மாணவர் ஒருவர் என் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார். போட்டுவிட்டுப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். அட்டைப் பெட்டிகள் எல்லாம் காலி. என் கழுத்தில் விழுந்ததுதான் கடைசி. பாகூர் அக்கா எனக்குப் பின்னால் அரை நிமிடத்தில் வந்து, பதக்கத்துக்குக் கழுத்தைக் குனிந்து நின்றார். அந்தத் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "தீர்ந்துவிட்டது அம்மா, வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள்" என்றார். முகவரி எழுதிக்கொள்ள அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. என்னுடையதைக் கழற்றி நீட்டினேன். "அது நீங்கள் ஓடியது. எனக்கு எதற்கு?" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார்.

பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை வாரக்கணக்கில் முன்னாலேயே உங்கள் கையில் இருக்கிறது. பதிவு செய்தவர்களில் சிலர் எப்போதும் வராமலே இருப்பார்கள். அப்படியென்றால் பதக்கம் மீந்திருக்க வேண்டும். எங்கே போனது? 5 கிலோமீட்டருக்கும் 10 கிலோமீட்டருக்கும் ஒரே பதக்கம், ஒரே மேசை. முதல் திருப்பத்திலேயே திரும்பிவிட்டவர்களும் அந்த மேசைக்கு வந்தார்கள். ஓடியவரை அழைத்துப்போக வந்த குடும்பத்தாரும் வந்தார்கள். ஒருவர் கையில் மூன்று பதக்கங்கள் இருந்ததைப் பார்த்தேன். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். யாரும் எண் அட்டையைக் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. நீட்டிய கழுத்துக்கெல்லாம் பதக்கம் விழுந்தது.

இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரியும். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது தட்டை ஏந்தி வரிசையில் நின்ற குழந்தைகளில் நானும் ஒருத்தி. இன்று அதே வரிசைக்குப் பொறுப்பாளர். தினமும் காலையில் வருகையை எண்ணுவேன், முட்டையை எண்ணுவேன், மீந்ததைப் பதிவேட்டில் எழுதுவேன். இத்தனை ஆண்டுகளில் ஒன்று தெரிந்துகொண்டேன். கணக்கில் எங்கே பிசகினாலும் குறைவது வரிசையின் கடைசியில் நிற்கும் குழந்தைக்குத்தான். முன்னால் நிற்கும் குழந்தைக்கு முட்டை இல்லாமல் போனதை நான் பார்த்ததே இல்லை. முட்டை குறைந்த நாளில் கடைசிக் குழந்தையைப் பார்த்து "நீ மெதுவாக வந்தாய், அதனால்தான் குறைந்தது" என்று நான் சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! உங்கள் அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

முட்டையும் பதக்கமும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். முட்டை, பள்ளிக்கு வந்த எல்லாக் குழந்தைக்கும் உரியது. பதக்கம் ஓடி முடித்தவருக்கு மட்டுமே உரியது. ஆகவே நான் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வந்தவர்க்கெல்லாம் பதக்கம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முடித்தவர் ஒருவரும் விடுபடக்கூடாது. முடிக்காதவர் ஒருவருக்கும் போகக்கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

உங்களிடம் முதலில் புகார் சொன்னவர்கள் வேகமாக ஓடும் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 10 கிலோமீட்டரை 42 நிமிடத்தில் ஓடுகிற பையன் அதற்காக எத்தனை விடியற்காலைகளைக் கொடுத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அப்படி ஓடி முடித்துவிட்டு நிமிரும்போது, ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்பவர் கழுத்திலும் அதே பதக்கம் தொங்கினால் அவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரிய வேண்டும். ஆனால் அவனுடைய புகாருக்கு மருந்து, ஓடாதவரிடமிருந்து பதக்கத்தைக் காப்பது. நீங்களோ ஓடியவரிடமிருந்து அதைப் பறிக்கிறீர்கள். மேடையும் கோப்பையும் பரிசுத் தொகையும் முதல் மூன்று பேருக்குத்தான். அதில் நாங்கள் யாரும் பங்கு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். கல்யாணத்தில் சம்பந்திக்குப் பட்டு எடுக்கிறார்கள். அதற்காக மற்றவர்களைத் தாம்பூலம் இல்லாமல் அனுப்புவதில்லையே.

மூன்று பேருக்குத்தான் பதக்கம் என்பதும் ஆதியிலிருந்து வந்த விதி அல்ல. 1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது முதலில் வந்தவருக்கு வெள்ளிப் பதக்கம், இரண்டாவதாக வந்தவருக்கு வெண்கலப் பதக்கம், மூன்றாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904-இல் செயின்ட் லூயிஸில்தான் வந்தது. கலந்துகொண்டவர்களுக்கு நினைவுப் பதக்கம் கொடுக்கும் வழக்கமோ அந்த 1896-இலேயே தொடங்கிவிட்டது. அந்த வழக்கத்தால் ஒலிம்பிக் தங்கத்தின் மதிப்பு ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை.

முடிப்பதற்கென்று தனி மதிப்பு இருக்கிறது. 1968-இல் மெக்சிகோவில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் 75 பேர் ஓடத் தொடங்கினார்கள். 57 பேர்தான் முடித்தார்கள். ஐம்பத்தேழாவதாக வந்தவர் டான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் விழுந்து முழங்காலில் அடிபட்டு, கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே வந்தார். முதலில் வந்த எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே முடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. முடிவுப் பட்டியலில் அவர் இடம் 57 தான். அதை யாரும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. முடித்ததற்கான பதக்கம் அப்படிப்பட்டது. நான் முதலில் வந்தேன் என்று அது யாரிடமும் பொய் சொல்வதில்லை. நான் வந்து சேர்ந்தேன் என்று மட்டும் சொல்கிறது.

நீங்கள் கேட்கும் கண்டிப்பையும் நான் கேட்கும் நியாயத்தையும் ஒன்றாக வைத்திருக்கும் போட்டி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1921-இல் முதன்முதலாக நடந்தபோது 34 பேர் தொடங்கி 16 பேர் முடித்தார்கள். அங்கே ஆண்களிலும் பெண்களிலும் முதல் பத்துப் பேருக்குத் தங்கம். பிறகு வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப வேறு வேறு பதக்கம். 12 மணி நேரம் முடிந்ததும், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். அதற்கு ஒரு வினாடி பிந்தினாலும் பதக்கம் இல்லை. இவ்வளவு கண்டிப்பான இவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 11 மணி நேரமாக இருந்த எல்லையை 12 ஆக நீட்டியபோது, அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறவர்களுக்கென்றே ஒரு பதக்கத்தை உண்டாக்கி, போட்டியைத் தொடங்கிய விக் கிளாப்பமின் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்லோரையும் விட மெதுவாக வருகிறவர் வாங்கும் பதக்கத்துக்கு நிறுவனரின் பெயர்! இதைப் படித்த அன்று அந்தப் பக்கத்தை விட்டு எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

அதனால் எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் 1 மணி 46 நிமிடத்தில் வந்திருந்தால் எனக்குப் பதக்கம் தர வேண்டாம், வாங்கியிருக்கவும் மாட்டேன். 7.30-க்கு வண்டிகள் வரும் என்பதால் வைத்த எல்லை அது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 80 நிமிடத்துக்கு என்ன காரணம்? கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் நானும் பாகூர் அக்காவும் வெளியே. எங்களைப் போன்ற வயதில், வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு, இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கும் பெண்கள் பெரும்பாலும் வெளியே. உங்கள் விளம்பரத் தட்டிகளில் "எல்லா வயதினரும் வாருங்கள்" என்று எங்கள் படங்களைத்தானே போடுகிறீர்கள்? அழைக்கும்போது எல்லோரும், கொடுக்கும்போது சிலர் என்றால் அது எந்த ஊர் விருந்து?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. 5 கிலோமீட்டருக்கும் 10 கிலோமீட்டருக்கும் தனித்தனி மேசை வையுங்கள். எண் அட்டையில்தான் ஓடும் நேரத்தைப் பதிவு செய்யும் சிப் ஒட்டியிருக்கிறதே. தூரத் திருப்பத்தில் அது பதிவாகியிருந்தால் மட்டும் பதக்கம் என்று சொல்லுங்கள். கொடுத்ததும் அட்டையின் ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டால் இரண்டாம் முறை யாரும் வர முடியாது. வேகமாக வருகிறவர்களுக்குத் தனி அடையாளம் வேண்டுமென்றால் நாடாவின் நிறத்தை மாற்றுங்கள். மகிழ்ச்சியாகக் கை தட்டுகிறேன். செலவுதான் கவலை என்றால் பதக்கத்தைச் சிறியதாக்குங்கள். ஆண்டை உலோகத்தில் பொறிக்காமல் நாடாவில் மட்டும் அச்சிட்டால், மீந்த பதக்கங்கள் அடுத்த ஆண்டுக்கு ஆகும். வீட்டில் ஏற்கெனவே பதக்கங்கள் குவிந்து கிடக்கிறவர்கள் வேண்டாம் என்று பதிவின்போதே சொல்ல ஒரு கட்டம் வையுங்கள். தண்ணீரையும் கடைசி ஆள் போகும் வரை வையுங்கள். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் வெயிலில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. சொல்லப்போனால், பதக்கத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அன்று பெட்டி காலியான பிறகு நான் உடனே கிளம்பவில்லை. எண்ணிப் பழகிய கை. அந்தத் தம்பியிடம் பேனா வாங்கி, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, எனக்குப் பின்னால் 7.30-க்குள் கோட்டைத் தாண்டிய ஒவ்வொருவரின் எண்ணையும் என் எண் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். மொத்தம் 31 பேர். அவர்களில் ஒருவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த முதியவர். இரண்டு பேர் கைகோத்து வந்த அம்மாவும் மகளும். கடைசி எண், மணி 7.29-க்கு வந்தது. என் பதக்கத்தை நான் இன்னும் சுவரில் மாட்டவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பிறகு மாட்டலாம் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எண் அட்டை பத்திரமாக இருக்கிறது. முதல் எண் பாகூர் அக்காவுடையது. எண்ணுக்குரிய முகவரிகள் பதிவின்போது வாங்கியவை, உங்களிடமே இருக்கும். கேட்டால் அன்றைக்கே அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். கடலூரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அந்த 31 பதக்கங்களும் போய்ச் சேரட்டும். அடுத்த ஆண்டு விதியைப் பற்றி அதன் பிறகு உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
கடந்த ஜனவரியில் உங்கள் பெட்டியின் கடைசிப் பதக்கத்தை வாங்கியவள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.