வேகம் கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு, உவரியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய பணம் வந்தது. தங்கையின் காலேஜ் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மீதி அம்மாவிடம் இருக்கிறது, கேட்டால் கணக்குச் சொல்வாள்.

நீ கேட்டது ப்ரொப்பல்லர் சங்கதி. போனிலேயே சொல்லியிருப்பேன். நீ எடுத்தால்தானே? எடுத்தாலும் அம்மா பக்கத்தில் நின்று போனைப் பிடுங்கிக்கொள்வாள், நமக்குப் பேச விடமாட்டாள். அதனால் எழுதுகிறேன். தங்கை இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். அவளும் படிப்பாள் என்பதை மனதில் வைத்துப் பதில் எழுது.

"40 எச்.பி. மோட்டார், 12 பிச், முழுசா முறுக்கினா 4600 சுற்று, ஜி.பி.எஸ்.ல வேகம் 17 நாட்தான் காட்டுது, 14 பிச் போட்டா வேகம் கூடுமா?" இவ்வளவுதான் உன் மெசேஜ். நல்லா இருக்கியளா என்று ஒரு வார்த்தை கிடையாது. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன்.

14 போடாதே.

கணக்கு உனக்குத் தெரிந்ததுதான். பிச் 12 என்றால் வழுக்கல் இல்லாத தண்ணீரில் ப்ரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு 12 இன்ச் முன்னேற வேண்டும். உன் மோட்டாரில் கியர் 2-க்கு 1. அப்போது 4600-இல் பாதி, 2300 சுற்றுதான் ப்ரொப்பல்லருக்குப் போகிறது. 2300-ஐ 12-ஆல் பெருக்கி 1215-ஆல் வகுத்தால் நாட் கணக்கு வரும், 22.7. உனக்கு வருவது 17. கால்வாசி வழுக்கலில் போகிறது. சுமை ஏற்றின போட்டுக்கு வழுக்கல் இல்லாமல் இருக்காது, ஆனால் கால்வாசி என்பது அதிகம். அது எங்கே போகிறது என்று பார்க்காமல் பிச் அளவைக் கூட்டினால் வழுக்கலும் சேர்ந்து கூடும்.

ஒரு இன்ச் பிச் கூட்டினால் மோட்டார் 150 முதல் 200 சுற்று வரை இறங்கும். இரண்டு இன்ச் கூட்டினால் 4200, 4300-இல் நிற்கும். முழு வேகத்துக்கு 4500 முதல் 5500 வரை என்று மோட்டாரோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதாக முன்பு ஒரு தடவை நீதான் சொன்னாய். இப்போதே நீ அதன் அடிமட்டத்தில்தான் ஓட்டுகிறாய். அதற்கும் கீழே இறக்கி முழுசாக முறுக்கி வைத்தால், ஏற்றத்தில் லாரியை டாப் கியரில் ஏற்றுகிற கதைதான். கரி பிடிக்கும், பிஸ்டன் சூடாகும், கடைசியில் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகி நிற்கும். எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. மோட்டார் நின்ற பிறகு போட் நீவாடு, அந்தக் கடலோட்டம், இழுக்கிற பக்கம்தான் போகும், நீ நினைக்கிற பக்கம் போகாது.

என்னைக் கேட்டால் 11 போடு. சுற்று 4800 பக்கம் ஏறும், மீன் கூடு ஏற்றின போட் முன்பக்க அணியம் தூக்கி நிற்காமல் சீக்கிரம் தண்ணீர் மேல் ஏறும், எண்ணெய்ச் செலவும் குறையும். போதாக்குறைக்கு அங்கே கத்தாரில் ஆகஸ்ட் மாசப் புழுக்கம். சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் எந்த மோட்டாருக்கும் இழுவை குறையும். மாசிப் பங்குனியில் சரியாக ஓடின ப்ரொப்பல்லர் ஆகஸ்டில் கனமாகத் தெரியும். அதை வைத்து மோட்டாரைக் குறை சொல்லாதே.

14 பிச் யாருக்கு லாபம் தெரியுமா? காலி போட்டுக்கு. ஐஸ் பெட்டி இல்லை, கூடு இல்லை, ஆள் இரண்டு பேர், தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது என்றால் 14 ஓடும். மீன்பிடிக்கிறவன் போகும்போது கூடும் ஐஸும் ஏற்றிப் போகிறான், வரும்போது மீன் ஏற்றி வருகிறான். காலி போட் எதற்கு வேகமாகப் போகவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. போட் சொந்தக்கார அரபி கேட்கச் சொன்னாரா? நீயாகக் கேட்டாயா? அதையும் எழுது.

இடிந்தகரைப் பிள்ளைகள் 28 பேர் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். ஈரானில் தொழிலுக்குப் போனவர்கள், 2024 செப்டம்பரில் பஹ்ரைன்காரர்கள் பிடித்து, டிசம்பரில்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு பையனின் அப்பாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். பையன் இப்போது இங்கேயே வள்ளத்துக்குப் போகிறானாம். சம்பாத்தியம் குறைவுதான், ஆனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறான் என்றார். சும்மா நினைவு வந்தது, சொன்னேன்.

ப்ரொப்பல்லருக்கு வருவோம். புதுசு வாங்குமுன் இருக்கிறதைக் கழற்றிப் பார். உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பிளக் வயரைப் பிடுங்கிவிடு. கையை உள்ளே விடும் நேரத்தில் மோட்டார் உயிர் வந்து ஒரு விரல் போனவனை நம்ம தெருவிலேயே நீ பார்த்திருக்கிறாய். றெக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து நட்டைத் திருப்பு. ப்ரொப்பல்லர் கையோடு வந்ததும் ஷாஃப்டின் அடியில் பார். அங்கேதான் தங்கூசி நரம்பு சுற்றியிருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சுற்றிச் சுற்றி, சூட்டில் இளகி, வாஷர் போலவே இறுகிக் கிடக்கும். கத்தி முனையால் மெதுவாக நெம்பி எடு, ஆயில் சீலில் கீறல் விழக்கூடாது. அது உள்ளே போய் சீலை அறுத்துவிட்டால் கியர் ஆயில் பால் மாதிரி வெளுக்கும். வெளுத்திருந்தால் பிச் பற்றிப் பேசுவதே வீண், முதலில் சீல் மாற்று.

அப்புறம் நடுவில் இருக்கிற ரப்பர். வண்டி கத்துகிறது, போட் நகரவில்லை என்றால் பாதி நேரம் அதுதான் கோளாறு. உள் பித்தளைக் குழாயிலும் வெளி உடம்பிலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு போடு. முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பார். கோடு விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. கால்வாசி போன இடம் அதுவாகவும் இருக்கலாம்.

றெக்கை ஓரத்தில் நசுங்கல் இருந்தால் அரத்தால் ராவிச் சீர் பண்ணு, மூன்று றெக்கையிலும் ஒரே மாதிரி. அலுமினியத்தைச் சுத்தியலால் தட்டிப் பிச் மாற்றுகிறேன் என்று அங்கே யாராவது சொன்னால் கொடுக்காதே. பித்தளை தாங்கும், அலுமினியம் வெடிப்பு விடும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

போட்டின் அடியையும் பார்த்துக்கொள். பாசியும் கொட்டலசும் பிடித்த அடியோடு எந்தப் பிச்சும் ஓடாது. அந்தக் கடலில் சூடும் உப்பும் அதிகம், நம்ம கடலை விடச் சீக்கிரம் பிடிக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

மோட்டார் உயரம் யார் வைத்தது? ப்ரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்குமே, அது போட்டின் அடிக்கு நேராகவோ ஒரு இன்ச் கீழாகவோ இருக்கவேண்டும். மேலே இருந்தால் திரும்பும்போது காற்றை இழுத்து மோட்டார் வீணாகக் கத்தும். ரொம்பக் கீழே இருந்தால் தண்ணீரை உழுதுகொண்டு போகும். கொஞ்சம் தூக்கவேண்டும் என்றால் பின்பலகையில் ஒரு கட்டை கொடுத்துத் தூக்கு. ஆனால் குளிர்விக்கிற தண்ணீர் பீய்ச்சி வருகிறதா என்று ஓட ஓடப் பார். சாய்வுக் கம்பியையும் ஒரு ஓட்டை மாற்றிப் பார். உள்ளே போட்டால் அணியம் அமுங்கும், வெளியே போட்டால் தூக்கித் தூக்கிக் குதிக்கும். ஐஸ் பெட்டியைப் பின்பக்க அமரத்தில் அடுக்கிவிட்டு ப்ரொப்பல்லரைத் திட்டுகிறவனை நிறையப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் காசு இல்லாத வேலை. பாதி வேகம் இதிலேயே வந்துவிடும். காசு கொடுத்துப் பிச் வாங்குவது கடைசி.

நீ மீசை முளைக்குமுன்பே சத்தத்தை வைத்து எந்த பிளக் செத்தது என்று சொல்கிறவன். நம்ம வள்ளத்துச் சொந்தக்காரர் சம்மாட்டி இப்போதும் மோட்டார் இருமினால் உன் பெயரைத்தான் சொல்கிறார், "உம்ம பையன் இருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்" என்கிறார். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவனுக்கு 14 போட்டால் சுற்று இறங்கும் என்று தெரியாதா? தெரிந்தே கேட்கிறாய் என்றால் எனக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. கூட்டாளிகள் போட்ட ஸ்டேட்டஸை எல்லாம் பார்க்கிறாயாம், தங்கை சொல்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்லைனில் இருக்கிறாயாம். அந்த நேரத்தில் கரையில் இருக்கிறாய் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு, அங்கே கடலில் எவ்வளவு தூரம் வரைக்கும் சிக்னல் கிடைக்கும் என்கிற யோசனை.

தங்கை போனில் மேப் போட்டுக் காட்டினாள். ஹவார் தீவு பஹ்ரைனுக்குச் சொந்தம், ஆனால் கத்தார் கரையை ஒட்டித்தான் கிடக்கிறது. 2001-இல் உலக நீதிமன்றம் பிரித்துக் கொடுத்த எல்லையாம் அது. விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் களவா மீன் நிறைய இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கல் கிடக்கிற இடத்தில் களவா இருக்கத்தான் செய்யும். கத்தார் பக்கத்திலும் கல் இருக்கும், தேடினால் கிடைக்கும். கூடுதல் மீனுக்கு அரபி கூடுதலாகக் கொடுக்கப்போவது எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மா கேட்கும்போதெல்லாம் "பேசினான், நல்லா இருக்கான்" என்று சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு இது தெரியும், அவளும் வாயைத் திறப்பதில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வருகிறது. உன்னிடம் ஒன்றை நேராகக் கேட்கத்தான் வரவில்லை. கடலில் நான் பயந்ததில்லை என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். பயந்திருக்கிறேன். உன்னைக் கூட்டிப்போன முதல் கச்சான் காற்று நாளில் பயந்ததுபோல் அப்புறம் பயந்ததில்லை. இப்போது கரையில் உட்கார்ந்து அதே பயம். கையில் துடுப்பு கூட இல்லை.

சரி, விடு. எந்தப் ப்ரொப்பல்லர் போட்டாலும் போட்டில் இன்னொன்று உபரியாக இருக்கட்டும், கூடவே நட்டு, பின், வாஷர். ஷாஃப்டின் பல்லில் கிரீஸ் பூசாமல் மாட்டாதே, உப்பில் பிடித்துக்கொண்டால் கடலில் வைத்துக் கழற்ற முடியாது. ஷமால் காற்று அறிவிப்பு வந்தால் அரபி சொன்னாலும் போகாதே. 14 போடாதே.

பெரிய மாமா வீட்டுக்கு மேல்தளம் போட்டாயிற்று. தங்கைக்கு ஒரு இடம் வந்தது, படிப்பு முடியட்டும் என்று சொல்லிவிட்டோம். கூடுதல் பணம் இப்போது எங்களுக்கு வேண்டாம். இதை ஒன்றுக்கு இரண்டு தடவை படி.

ப்ரொப்பல்லர் நடுவில் குத்தியிருக்கிற நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு, முதல் நம்பர் விட்டம், அடுத்தது பிச். எப்போதும் ஏற்றுகிற சுமையோடு, நீவாட்டுக்கு எதிர்த்து ஒரு தடவை, நீவாட்டோடு ஒரு தடவை முழுசாக முறுக்கி ஓட்டி, இரண்டிலும் சுற்று எவ்வளவு, நாட் எவ்வளவு என்று குறித்து எழுது. கரையிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் ஓட்டிப் பார்த்தாய் என்பதையும் சேர்த்து எழுது. ஜி.பி.எஸ். திரையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
அப்பா