வர்க்கி அடுப்படியிலிருந்து ஒரு நன்றி

குன்னூரில் வர்க்கி போடுகிறவன் நான். போன மாதம் முதல் மறுபடியும் அடுப்படிக்கு வந்துவிட்டேன். நலம் கேட்ட எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த மடல்.

அன்று விடியற்காலை 4 மணிக்கு இடது கையிலிருந்து தட்டு நழுவியது. பேச வாயெடுத்தால் நாக்கு குழறியது. மாவு பிசைகிற தம்பி உடனே 108-ஐக் கூப்பிட்டான். பனிமூட்டத்தில் பர்லியார் வளைவுகளில் வண்டியை இறக்கிய ஓட்டுநருக்கும், வழியெல்லாம் "கையைத் தூக்குங்க, பேர் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்த உதவியாளருக்கும் நன்றி. கோவையில் ஸ்கேன் எடுத்து, பக்கவாதம் என்று சொல்லி, மூளையில் இருந்த அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். நாலரை மணி நேரம் தாண்டியிருந்தால் அந்த ஊசியே கிடையாதாம்.

சரி, நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது லேபில் இருக்கும் தங்கச்சியிடம்.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, வெந்நீரில் குளித்தாலே உடம்பெல்லாம் அரிப்பு. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரிலா குளிக்க முடியும்? முகமும் சிவந்தே கிடந்தது. அடுப்புச் சூடு என்றிருந்தேன். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 19.8, பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 60 சதவீதம். தங்கச்சி மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு எண்களுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, "அண்ணா, ரத்த நோய் டாக்டரைப் பாருங்க" என்றது. நான் போன மருத்துவரோ, மலையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் என்றார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஊரே ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறது, எனக்கு மிச்சமே இருக்கிறது என்று கடையில் பெருமையடித்தேன். தங்கச்சி இரண்டு முறை போன் செய்தது. இரண்டாவது முறை, "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சீட்டை என் வீட்டம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார். கோவையில் அதைப் பார்த்ததும் ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். ஜாக்2 மரபணுவில் மாற்றம். நோயின் பெயர் பாலிசித்தீமியா வேரா. எலும்பு மஜ்ஜை கணக்கில்லாமல் சிவப்பணுக்களைச் செய்து தள்ள, ரத்தம் கெட்டிப்பட்டு மூளையிலோ இதயத்திலோ அடைத்துக்கொள்கிறது. குன்னூர் உயரத்துக்கெல்லாம் இவ்வளவு ஏறாதாம். பரம்பரையாக வந்ததல்ல, இடையில் வந்த மாற்றம்தான் என்றதும் பிள்ளைகளை நினைத்து மூச்சு விட்டேன்.

இப்போது தினமும் ஆஸ்பிரின், அணுக்கள் பெருகுவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா. பிசிவி 45-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏறினால் ஒரு பை ரத்தம் எடுத்துக் கொட்டிவிடுகிறார்கள். வேறு யாருக்கும் ஏற்ற மாட்டார்களாம். வியாபாரிக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

தங்கச்சி, வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்க வருகிறேன். சுடச்சுட ஒரு கிலோ வர்க்கி கொண்டுவருவேன். காசை எடுத்து நீட்டக் கூடாது.