தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தால் போதுமா?

ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மாத்திரைச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதுகிறோம். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்கிறோம். எங்கே வைப்பார் என்று யோசிப்பதில்லை. அடுத்த முறை சர்க்கரை ஏறியிருந்தால் மருந்தைக் கூட்டுகிறோம். வெயிலில் கிடந்து வீரியம் போன மருந்தைக் கூட்டி என்ன பயன்? நல்ல மருந்தாகவே இருந்தாலும், வெறும் வயிற்றில் அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

இது புதிய கவலை இல்லை. 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜாக் கைகர் என்ற மருத்துவர், ஊட்டச்சத்து இல்லாமல் வாடிய குழந்தைகளுக்கு உணவையே மருந்துச் சீட்டில் எழுதினார். செலவு மருந்துக் கணக்கில் போனது. நிதி கொடுத்தவர்கள் ஆட்சேபித்தபோது, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்து உணவுதானே என்றார். 1978ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனமும் உணவையும் சுத்தமான குடிநீரையும் ஆரம்ப சுகாதாரத்தின் பகுதியாகவே சொன்னது.

இப்போது பல நிலையங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கேட்ட பிறகு என்ன நடக்கிறது? உதவி தரும் இடத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். நோயாளி கூப்பிடுகிறார், யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் இன்னொரு சான்றிதழ் கேட்கிறார்கள். தன் கஷ்டத்தைப் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார். நம் பதிவேட்டில் மட்டும் 'அனுப்பப்பட்டார்' என்று இருக்கும்.

இதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். இங்கிலாந்தில் 2019 முதல் மருத்துவரோடு சேர்ந்து இயங்கி, நோயாளியை உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவைக்கும் இணைப்புப் பணியாளர்களுக்கு அரசு சுகாதாரத் துறையே சம்பளம் தருகிறது. நீங்கள் நியமிக்கும் ஆள் நோயாளியை உட்காரவைத்துப் பேச வேண்டும், அவர் சம்மதத்தோடு அவர் எதிரிலேயே போன் போட வேண்டும், படிவம் நிரப்ப உதவ வேண்டும். தேவைப்பட்டால் முதல் தடவை கூடவே போகட்டும். அப்புறம், உதவி கிடைத்ததா என்று விசாரித்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இதுதான் முக்கியம், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். எந்த உதவி ஊரிலேயே இல்லை என்று மேலிடத்தில் காட்ட அந்தப் பதிவுதான் ஆதாரம். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது இந்த வேலையை நிரந்தரப் பணியிடமாகக் கேளுங்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் செவிலியர் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நோயாளிகளோடு தினமும் பேசும் ஒரு சுகாதாரப் பணியாளர்